அச்சில் காணாமல்போகும் பெயர்கள்: விரிதாள் பட்டியல்களை அச்சிடும்போது கவனிக்கவேண்டியவை

அந்தப் பட்டியலில் 268 பெயர்கள் இருந்தன. அச்சிட்டு வந்த தாள்களில் 231 பெயர்கள்தான் இருந்தன. அதை நான் கவனிக்கவில்லை. மூன்று பிரதிகள் எடுத்து, மட்டை போட்டுக் கட்டி, ஒன்றை அலுவலகம் ஒன்றில் கையளித்து, முத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். அன்று பின்னேரம் ஒரு அம்மா கைவசம் இருந்த பிரதியை வாங்கிப் புரட்டினார். முதலிலிருந்து ஒருமுறை, பின்னர் கடைசியிலிருந்து ஒருமுறை.

"தம்பி, என்ர பிள்ளையின்ர பேர் இதில இல்லையே" என்றார்.

"இருக்குதம்மா, நான்தானே அடிச்சனான்" என்றேன். கணினியைத் திறந்து காட்டினேன். 254ஆவது நிரையில் அவருடைய மகனின் பெயர் இருந்தது. திரையில் இருந்தது, தாளில் இல்லை. அவர் என்னைக் கோபிக்கவில்லை. "ஆமிக்காரனிட்டக் குடுத்த பிள்ளையைத்தான் இல்லையெண்டு சொல்லுறாங்கள் எண்டு பாத்தா, இஞ்ச கடதாசியிலயும் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை முழுமையான பட்டியலுடன் மீண்டும் போனோம். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இதில எது சரியான பட்டியல்?" என்பதுதான். ஒரே சங்கம், ஒரே தலைப்பு, இரண்டு எண்ணிக்கைகள். எண்ணிக்கை மாறினால் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு கடிதமும் இரண்டு பயணங்களும் தேவைப்பட்டன. தவறு கணினியுடையது அல்ல, அலுவலகத்துடையதும் அல்ல. என்னுடையது.

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமல்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட காணாமல்போனோர் அலுவலகம் என்று எங்கள் சனம் கொடுத்த பட்டியல்களுக்குக் கணக்கில்லை. காணி விடுவிப்பு, வீட்டுத்திட்டம், நிவாரணம் என்று இன்றும் ஏதோ ஒரு பட்டியல் எங்கோ ஓரிடத்தில் தட்டச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலானவை எக்செலிலோ லிப்ரே ஒபிஸ் கல்க்கிலோ தயாரிக்கப்பட்டு, கொமினிகேஷன் கடையொன்றில் அச்சிடப்படுகின்றன. தட்டச்சுச் செய்பவர்கள் பெரும்பாலும் சங்கத்தில் இருக்கும் படித்த பிள்ளைகள். அவர்களுக்காகவும், அவர்களிடம் பட்டியலை ஒப்படைக்கும் குடும்பங்களுக்காகவும் நான் பட்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணினித் திரையில் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை உச்சரிப்பில் எழுதி மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறேன். பாடசாலையில் படித்தபடி, குறுக்காகச் செல்வதை நிரை என்றும், மேலிருந்து கீழாகச் செல்வதை நிரல் என்றும், ஒவ்வொரு பெட்டியையும் கலம் என்றும் சொல்கிறேன்.

முதலில் முன்னோட்டம்

எக்செல் திரை ஒரு முடிவில்லாத தாள். ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஒன்றை மற்றதற்குள் அடக்கும்போதுதான் எல்லாப் பிரச்சினைகளும் வருகின்றன. ஆகவே கொன்ட்ரோல் விசையுடன் பி விசையை அழுத்தி, வரும் முன்னோட்டத்தைக் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். முதல் பக்கம் சரியாக இருக்கிறது என்று நம்பி அச்சிடுவதுதான் நான் செய்த தவறு. கடைசிப் பக்கத்தின் கடைசிப் பெயர், உங்கள் பட்டியலின் கடைசிப் பெயர்தானா? முன்னோட்டத்தின் கீழே காட்டும் மொத்தப் பக்க எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்த அளவா? இந்த இரண்டு கேள்விகளும் பாதிப் பிரச்சினைகளைத் தாள் வீணாகும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் சேர்த்த பெயர்கள் அச்சில் வரவில்லை

எனக்கு நடந்தது இதுதான். தொடக்கத்தில் 231 பெயர்கள் இருந்தபோது, அந்தப் பகுதியை மட்டும் அச்சிடுமாறு "பிரிண்ட் ஏரியா" குறித்திருந்தேன். அந்த எல்லை கோப்புடன் சேர்ந்தே சேமிக்கப்படும். பின்னர் 37 குடும்பங்கள் வந்து பதிந்தார்கள். அவர்களைப் பட்டியலின் அடியில் சேர்த்தேன். எல்லை பழைய இடத்திலேயே நின்றது. எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. அதைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதை அது செய்திருக்கிறது.

திருத்தும் வழி: "பேஜ் லேஅவுட்" பட்டியில் "பிரிண்ட் ஏரியா"வை அழுத்தி, "க்ளியர் பிரிண்ட் ஏரியா" கொடுங்கள். எல்லை அழிந்து, தாளில் உள்ள அனைத்தும் அச்சாகும். எல்லை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க, "வியூ" பட்டியில் "பேஜ் பிரேக் பிரிவியூ"வை அழுத்துங்கள். அச்சாகும் பகுதி வெள்ளையாகவும், அச்சாகாத பகுதி சாம்பல் நிறமாகவும் தெரியும். சாம்பல் நிறத்துக்குள் ஒரு பெயராவது இருந்தால் அச்சிடாதீர்கள்.

வராமல் காக்கும் வழி: எல்லைக்குள் ஒரு நிரையைச் செருகினால் எல்லையும் சேர்ந்து விரியும். அடியில் வெறுமனே தட்டச்சுச் செய்தால் விரியாது. ஆகவே பட்டியலின் கடைசி நிரையில் "பட்டியல் முடிவு" என்று எழுதி, அதையும் எல்லைக்குள் சேர்த்துவிடுங்கள். புதிய பெயர் வந்தால், அந்த நிரைக்கு மேலே ஒரு நிரையைச் செருகி எழுதுங்கள். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. தாளைக் கையில் எடுப்பவர் கடைசிப் பக்கத்தில் "பட்டியல் முடிவு" என்ற சொல்லைக் காணாவிட்டால், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்வார். அகரவரிசைப்படுத்தும்போது மட்டும் அந்த நிரையைத் தெரிவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது நடுவில் போய் உட்கார்ந்துவிடும்.

நடுவில் உள்ள பெயர்கள் வரவில்லை

ஒரு கிராம அலுவலர் பிரிவின் பெயர்களை மட்டும் பார்ப்பதற்காக "ஃபில்டர்" போட்டிருப்பீர்கள். அதை எடுக்க மறந்து அச்சிட்டால், திரையில் மறைந்திருக்கும் நிரைகள் தாளிலும் வராது. இதைக் கண்டுபிடிப்பது இலகு. இடது ஓரத்தில் உள்ள நிரை எண்கள் நீல நிறத்தில் இருந்தால் வடிகட்டி இயங்குகிறது. "டேட்டா" பட்டியில் "க்ளியர்" கொடுங்கள்.

வடிகட்டி இல்லாமலேயே யாராவது கையால் நிரைகளை மறைத்திருக்கவும் கூடும். அப்போது எண்கள் 41, 42, 47 என்று தாவும். முழுத் தாளையும் தெரிவுசெய்து, நிரை எண்ணின் மீது வலது பொத்தானை அழுத்தி "அன்ஹைட்" கொடுத்தால் அவை மீண்டும் வரும்.

இந்த இரண்டுக்கும் காவல், உங்களுடைய சொந்தத் தொடரிலக்க நிரல்தான். முதல் நிரலில் 1 முதல் எண்களைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தால், அச்சிட்ட தாளில் எந்த எண் தாவுகிறது என்பதைக் கணினி தெரியாதவரும் கண்டுபிடித்துவிடலாம்.

வலப்பக்க நிரல்கள் வேறு தாளுக்குப் போய்விட்டன

எங்கள் பட்டியலில் 11 நிரல்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒரு தாளில், "கடைசியாகக் கண்ட இடம்" இன்னொரு தாளில் என்று அச்சானால், அந்த இரண்டாவது தாளை எவரும் பெயருடன் பொருத்திப் பார்க்கமாட்டார்கள். கட்டு பிரிந்தால் அது யாருடைய தகவல் என்றே தெரியாது.

முதலில் "ஓரியன்டேஷன்" என்பதில் "லேண்ட்ஸ்கேப்" தெரிவுசெய்து தாளைக் குறுக்காகத் திருப்புங்கள். அப்போது 297 மில்லிமீற்றர் அகலம் கிடைக்கும். வழமையான ஓர இடைவெளி இருபுறமும் 0.7 அங்குலம். ஆகவே எழுத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 261 மில்லிமீற்றர். "மார்ஜின்ஸ்" என்பதில் "நரோ" கொடுத்தால் ஓரம் 0.25 அங்குலமாகக் குறைந்து, இன்னும் 23 மில்லிமீற்றர் அளவில் கிடைக்கும். ஆனால் கட்டிக் கொடுக்கவேண்டிய பட்டியலென்றால் இடது ஓரத்தைக் குறைக்காதீர்கள். துளையிடும்போது தொடரிலக்கம் போய்விடும்.

அதன் பின்னரும் அடங்காவிட்டால், "பேஜ் லேஅவுட்" பட்டியில் "ஸ்கேல் டு ஃபிட்" என்ற பகுதியைப் பாருங்கள். "வித்" என்பதை 1 பக்கம் என்றும், "ஹைட்" என்பதை "ஒட்டோமெற்றிக்" என்றும் வையுங்கள். அகலம் ஒரு தாளுக்குள் அடங்கும், நீளம் தேவையான பக்கங்களுக்கு ஓடும். பலர் இரண்டையும் 1 என்று வைத்துவிடுகிறார்கள். அப்போது 268 பெயர்களும் ஒரே தாளில் எறும்பு வரிசைபோல் வரும்.

அகலத்தை மட்டும் அடக்கும்போதும் எழுத்தின் அளவைக் கவனியுங்கள். அளவு நூற்றுக்கு 60 ஆகக் குறைந்தால், 11 புள்ளி எழுத்து 6.6 புள்ளியாகிவிடும். இந்தப் பட்டியலில் தன் பிள்ளையின் பெயரைத் தேடுபவர் எழுபது வயதுத் தாயாக இருக்கலாம். அவரால் வாசிக்க முடியாத பட்டியல் அவருக்கு வெற்றுத்தாள்தான். அப்படியானால் நிரல்களைக் குறையுங்கள், அல்லது ஏ3 தாளில் அச்சிடுங்கள்.

ஒவ்வொரு கிராமத்தையும் புதிய பக்கத்தில் தொடங்குவதற்காக நீங்களே பக்க முறிவுகளைச் செருகியிருந்தால் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். மேற்சொன்ன அடக்கும் முறையைப் பயன்படுத்தினால் எக்செல் உங்கள் பக்க முறிவுகளைப் பொருட்படுத்தாது. அப்போது அகலத்தையும் உயரத்தையும் "ஒட்டோமெற்றிக்" ஆக்கிவிட்டு, "ஸ்கேல்" என்ற இடத்தில் 75, 70 என்று வீதத்தை நீங்களே குறைத்துப் பாருங்கள். முறிவுகள் அப்படியே இருக்கும்.

இரண்டாம் பக்கத்திலிருந்து தலைப்புகள் இல்லை

"காணாமலாக்கப்பட்ட திகதி", "முறைப்பாடு செய்த திகதி" என்று இரண்டு திகதி நிரல்கள் அடுத்தடுத்து இருக்கும் பட்டியலில், ஒன்பதாம் பக்கத்தில் தலைப்பு இல்லாவிட்டால் எது எதுவென்று யாருக்கும் புரியாது. "பேஜ் லேஅவுட்" பட்டியில் "பிரிண்ட் டைட்டில்ஸ்" அழுத்தி, "றோஸ் டு றிப்பீட் அற் டொப்" என்ற பெட்டியில் தலைப்பு நிரையைச் சொடுக்குங்கள். $1:$1 என்று வரும். இனி ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு அச்சாகும்.

அதே சாளரத்திலேயே "கிரிட்லைன்ஸ்" என்ற தெரிவும் உண்டு. திரையில் தெரியும் கட்டக் கோடுகள் வழமையாக அச்சில் வராது. இதைத் தெரிவுசெய்தால் வரும். "ஹெடர் ஃபூட்டர்" பகுதியில் பக்க எண்ணையும் மொத்தப் பக்கங்களையும் சேருங்கள். "பக்கம் 7 / 14" என்று இருந்தால், ஒரு தாள் தொலைந்தாலும் தொலைந்தது தெரியும்.

அடையாள அட்டை இலக்கங்கள் குழம்புகின்றன

பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. எழுத்து இருப்பதால் எக்செல் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு அப்படியே வைக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் 12 எண்கள். அதை எக்செல் ஒரு பெரிய தொகையாக நினைத்து, 1.97512 என்று சுருக்கி, பின்னால் ஓர் ஆங்கில எழுத்தையும் +11 என்பதையும் சேர்த்துக் காட்டும். ஆகவே ஒரே நிரலில் பெற்றோருடைய இலக்கங்கள் சரியாகவும், இளையவர்களுடையவை குழம்பியும் அச்சாகும்.

தட்டச்சுச் செய்யத் தொடங்கும் முன்பே அந்த நிரலைத் தெரிவுசெய்து "ஃபோர்மற் செல்ஸ்" என்பதில் "டெக்ஸ்ற்" கொடுப்பதுதான் சிறந்தது. ஏற்கெனவே குழம்பியிருந்தால் பதறவேண்டாம். 12 எண்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. "நம்பர்" தெரிவுசெய்து, தசம இடங்களைப் பூச்சியமாக்குங்கள், முழுவதும் தெரியும். ஆனால் குழம்பிய நிலையிலேயே கோப்பைச் சி.எஸ்.வி. வடிவில் சேமித்தால், தெரியும் சுருக்கம் மட்டுமே சேமிக்கப்பட்டு மிகுதி எண்கள் உண்மையிலேயே அழிந்துவிடும். அதேபோல எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே வைத்திருக்கும். அதைவிட நீண்ட இலக்கங்களின் கடைசி எண்களைப் பூச்சியமாக்கிவிடும். ஆகவே இவற்றையும் "டெக்ஸ்ற்" ஆகவே வையுங்கள்.

077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கங்களில் முதல் பூச்சியம் மறைவதற்கும் காரணம் இதுவே. "கஸ்ரம்" வடிவத்தில் பத்துப் பூச்சியங்களைத் தட்டச்சுச் செய்தால், முதல் பூச்சியம் மீண்டும் தெரியும்.

எண்ணுக்குப் பதிலாக ##### என்று அச்சானால், அந்த நிரலின் அகலம் போதவில்லை என்று பொருள். திரையில் சரியாகத் தெரிந்தும் தாளில் இப்படி வரலாம். ஏனெனில் அச்சுப்பொறி எழுத்தின் அகலத்தைத் திரையைவிடச் சற்று வேறாகக் கணக்கிடுகிறது. திகதி, எண் நிரல்களைத் தேவையானதைவிடச் சிறிது அகலமாக வையுங்கள்.

திகதி மாறி அச்சாகிறது

இருப்பவற்றில் ஆபத்தானது இதுதான். மற்றத் தவறுகள் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. 05/04/2009 என்று உங்கள் கணினியில் இருப்பதை நீங்கள் ஏப்ரல் 5 என்று வாசிக்கிறீர்கள். கடைக் கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், அதே திகதி அங்கே 4/5/2009 என்று மாதம் முன்னால் வந்து அச்சாகும். வாசிப்பவர் மே 4 என்று எடுத்துக்கொள்வார். 2009 ஏப்ரல் 5 என்றால் என்ன, மே 4 என்றால் என்ன என்று வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் முறைப்பாட்டில் ஒரு திகதியும், பட்டியலில் இன்னொரு திகதியும் இருந்தால், "எது உண்மை?" என்ற கேள்வி அந்தத் தாயிடம்தான் கேட்கப்படும்.

தட்டச்சுச் செய்யும் கணினியே அமெரிக்க முறையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 05/04 என்பதை அது மே 4 என்றே சேமிக்கும். 17/05 என்பதில் பதினேழாவது மாதம் இல்லாததால், அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் சொல்லாக வைத்துக்கொள்ளும். திகதி நிரலில் சில கலத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அறியுங்கள். அப்போது அந்த நிரலை முழுவதும் மூலப் படிவங்களுடன் ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். குறுக்கு வழி இல்லை.

நான் இப்போது திகதியை மூன்று நிரல்களாகப் பிரித்துவிடுகிறேன்: ஆண்டு, மாதம், நாள். மாதத்தைத் தமிழில் எழுத்தால் எழுதுகிறேன். எந்தக் கணினியும் அதை மாற்றாது. நாள் நினைவில்லாமல் "மாசி மாசம் கடைசி" என்று மட்டும் சொல்பவர்கள் எங்களிடம் பலர். அவர்களுக்காக இல்லாத ஒரு நாளை நாங்களே போடவேண்டிய அவசியமும் இதனால் இல்லாமல்போகிறது.

தமிழ் எழுத்து ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த பட்டியல்கள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் கிறுக்கல்தான் அச்சாகும். அகரவரிசைப்படுத்தினாலும் ஆங்கில ஒழுங்கிலேயே வரும்.

உடனடித் தீர்வு, எழுத்துரு உள்ள உங்கள் கணினியிலேயே கோப்பைப் பி.டி.எஃப். ஆக்குவது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். நிரந்தரத் தீர்வு யுனிகோடுக்கு மாறுவது. மாற்றும் செயலிகள் உண்டு. ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள், குறிப்பாக ஜ, ஷ, ஸ்ரீ போன்ற எழுத்துகள் வரும் பெயர்களை. பெயரில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஆள்.

யுனிகோடில் கு, மூ போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்பட்டால் நிரையின் உயரத்தைச் சிறிது கூட்டுங்கள்.

சாட்சியம் பாதியில் நிற்கிறது

"என்ன நடந்தது" என்ற நிரலில் நீளமாக எழுதியிருப்பீர்கள். பக்கத்துக் கலத்தில் ஏதாவது இருந்தால், அந்த வசனம் கலத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்த நிரலைத் தெரிவுசெய்து "றப் டெக்ஸ்ற்" கொடுத்தால் மடிந்து பல வரிகளாக வரும். பின்னர் "ஒட்டோஃபிட் றோ ஹைட்" கொடுங்கள். யாராவது முன்பு நிரை உயரத்தைக் கையால் இழுத்துவைத்திருந்தால் அது தானாக உயராது. ஒரு நிரையின் உயரம் 409 புள்ளிகளுக்கு மேல் போகாது. ஆகவே ஒரு தாயின் முழுக் கதையையும் கலத்துக்குள் அடைக்காதீர்கள். பட்டியலில் சுருக்கமும், முழுவதும் தனித்தாளிலும் இருக்கட்டும்.

கலத்தின் மூலையில் குறிப்பாக எழுதிவைத்தவை வழமையாக அச்சில் வராது. "பேஜ் செற்றப்" சாளரத்தின் "ஷீற்" பகுதியில், குறிப்புகளைத் தாளின் இறுதியில் அச்சிடுமாறு கேட்கலாம். மாறாக, சங்கத்துக்குள் மட்டும் இருக்கவேண்டிய குறிப்பென்றால், அது அச்சில் வரவில்லை என்பதையும் முன்னோட்டத்தில் உறுதிசெய்யுங்கள்.

வெற்றுத்தாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன

பட்டியல் முடிந்த பிறகும் அச்சுப்பொறி தாள்களைத் தள்ளினால், தூரத்தில் எங்கோ ஒரு கலத்தில் ஓர் இடைவெளியோ கோடோ இருக்கிறது. கொன்ட்ரோல் விசையுடன் என்ட் விசையை அழுத்துங்கள். எக்செல் கடைசி என்று நினைக்கும் கலத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். பட்டியலின் முடிவுக்கும் அதற்கும் இடையில் உள்ள வெற்று நிரைகளையும் நிரல்களையும் முழுமையாக நீக்கி, கோப்பைச் சேமியுங்கள். தாளுக்குக் காசு கொடுப்பவர்கள் நாங்கள்தான்.

லிப்ரே ஒபிஸ் பயன்படுத்துபவர்களுக்கு

இலவசமாகக் கிடைப்பதால் பலரிடம் இது இருக்கிறது. அச்சு எல்லை "ஃபோர்மற்" பட்டியில் "பிரிண்ட் றேஞ்சஸ்" என்ற பெயரில் உள்ளது. அங்கே "க்ளியர்" கொடுத்தால் எல்லை நீங்கும், "எடிற்" கொடுத்தால் திரும்ப வரவேண்டிய தலைப்பு நிரையைக் குறிக்கலாம். அளவை அடக்குவது "பேஜ் ஸ்ரைல்" சாளரத்தின் "ஷீற்" பகுதியில். அகலத்துக்கு 1 கொடுத்து, உயரப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். எக்செலில் சரிசெய்த கோப்பை இதில் திறந்தால், பக்கங்கள் வேறு இடத்தில் முறியலாம். திறந்தவுடன் அச்சிடாமல் முன்னோட்டத்தைப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

அச்சுப்பொறி மாறினால் பக்கங்கள் முறியும் இடமும் மாறும். வீட்டில் 14 பக்கம் வந்தது கடையில் 15 ஆகலாம். ஆகவே எக்செல் கோப்பைக் கொண்டுபோகாமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள். ஆக்கும் முன் தாளின் அளவு "லெற்றர்" அல்ல, ஏ4 தான் என்று பாருங்கள். பி.டி.எஃப். இல் திகதி மாறாது, எழுத்துரு மாறாது, பெயர் விடுபடாது.

இன்னொன்று. இவை பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் உள்ள பட்டியல்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று பயந்து பயந்து பதிந்தவர்கள் எங்கள் சனம். கடைக் கணினியில் கோப்பைப் பிரதி செய்யாமல், பென்டிரைவிலிருந்தே திறந்து அச்சிடச் சொல்லுங்கள். பிரதி செய்ய நேர்ந்தால் அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள். கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்புவதைத் தவிருங்கள். பிழையாக அச்சான தாள்களையும் விட்டுவிட்டு வராதீர்கள். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கையளிக்கும் முன் எண்ணுங்கள்

எக்செலில் பெயர் நிரலைத் தலைப்பு இல்லாமல் தெரிவுசெய்தால், திரையின் அடியில் "கவுண்ட்" என்று ஓர் எண் வரும். "பட்டியல் முடிவு" என்ற நிரையையும் விட்டுவிடுங்கள். அந்த எண், தாளில் உள்ள கடைசித் தொடரிலக்கம், பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கை, இந்த மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்த எண்ணைக் கையளிக்கும் கடிதத்திலும் எழுதுங்கள்: "இத்துடன் 14 பக்கங்களில் 268 பெயர்கள் கொண்ட பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது." முத்திரை அந்த வசனத்துக்கும் சேர்த்துத்தான் விழுகிறது. பிறகு ஒரு பக்கம் குறைந்தால், எங்கே குறைந்தது என்று கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

கணினி தெரியாதவர்களையும் இதில் சேருங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது பட்டியல் அச்சானதும், கட்டும் முன் அது அம்மாமார் கைகளுக்குப் போகிறது. ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையின் பெயர், திகதி, இடம் மூன்றையும் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்கிறார். புள்ளி இல்லாத பெயர்களின் குடும்பங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறோம். ஒரு பின்னேரம் முழுவதும் போகிறது. அந்தப் பிரதி எங்களிடம் இருக்கும், சுத்தமான பிரதி கையளிக்கப்படும்.

இரண்டாம் முறை அச்சிட்ட அன்று அந்த அம்மாவும் வந்திருந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டு, 254ஆவது பெயரைத் தேடிப் பிடித்து, விரலை அதன் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னிடம், "இதில ஒண்டு எனக்கும் தாங்கோ தம்பி, வீட்டில வைக்க" என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை அச்சிட்டுக் கொடுத்தேன்.